பத்துச் சல்லடைகள்

முத்துக்குளிப்பு நடந்த காலத்துத் தூத்துக்குடியில், சிப்பிகளை ஏலத்தில் எடுத்த வியாபாரி அவற்றை அழுகவிட்டு, நீர் விட்டுப் பலமுறை கழுவி, சதையும் ஓடும் போக்கி, கடைசியில் மிஞ்சிய முத்துக்களைத் தரம் பிரிக்க உட்காரும்போது, அவன் முன்னால் பத்துப் பித்தளைச் சல்லடைகள் இருக்கும். பத்தும் ஒரே அளவானவை. துளைகளின் எண்ணிக்கையில்தான் வேற்றுமை. முதலாவதில் 20 துளைகள், அடுத்ததில் 30, பிறகு 50, 80, 100, 200, 400, 600, 800 என்று ஏறிப் பத்தாவதில் 1000 துளைகள். எண்ணிக்கை பெருகப் பெருகத் துளையின் வாய் சிறுத்துக்கொண்டே போகும். பெருமுத்து முதற் சல்லடையிலேயே தங்கிவிடும். மற்றவை ஒவ்வொரு தட்டாக இறங்கி, தத்தமக்கு உரிய இடத்தில் நின்றுகொள்ளும். எல்லாவற்றையும் தாண்டி அடியில் விழுவதற்குத் தூள் என்று பெயர். நிறத்தையும் உருவத்தையும் ஒளியையும் நோக்கி ஆணி முதலான பெயர்களைச் சூட்டுவது அதன் பிறகு நடக்கும் காரியம். 1961ஆம் ஆண்டோடு இந்தக் கரையில் முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று, சல்லடைகளும் வழக்கொழிந்தன.

அந்தச் சல்லடைகளை எனக்கு ஞாபகப்படுத்தியது, மக்ரூன் செய்து விற்கும் ஒரு பெண்மணியின் கைபேசி.

மில்லர்புரத்தில் எங்கள் தெருவில் குடியிருப்பவர் அவர். முந்திரிப் பருப்பையும் சர்க்கரையையும் முட்டையின் வெண்கருவையும் கொண்டு இந்த ஊர்க்காரர்கள் செய்கிற, வாயில் இட்ட மாத்திரத்தில் கரைந்துபோகிற அந்தப் பண்டத்தை அவர் வீட்டிலேயே தயாரித்து, பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் படம் போட்டு, வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்கி, பெட்டியில் அடைத்து வெளியூர்களுக்கு அனுப்புகிறார். ஒருநாள் மாலை கைபேசியை என்னிடம் நீட்டினார். மக்ரூன் படத்துக்குக் கீழே ஒருவர் கிரிப்டோ வாங்கிக் கோடீசுவரரான கதையை எழுதியிருந்தார். இன்னொருவர் வெளிநாட்டுக் கப்பலில் வேலை, மாதம் ஒன்றரை லட்சம் என்று ஆசை காட்டியிருந்தார். மூன்றாமவர் ஜாமீன் இல்லாமல் கடன் தருவதாகவும், நான்காமவர் பிரிந்த தம்பதியரைச் சேர்த்துவைப்பதாகவும் எழுதியிருந்தார்கள். இவை போதாதென்று, இவருடைய படத்தையும் கடையின் பெயரையும் அப்படியே எடுத்து ஒரு போலிக் கணக்கைத் தொடங்கிய யாரோ, வாடிக்கையாளர் சிலரிடம் முன்பணமும் வாங்கிவிட்டிருந்தார்கள்.

“அண்ணாச்சி, நூறு பேரு எழுதுதாங்க. அதுல மக்ரூன் கேக்குறது நாலே பேருதான். பேசாம எல்லாத்தையும் பூட்டிட்டு இருந்துரலாம்னு தோணுது” என்றார்.

பூட்டிவிட்டால் அந்த நாலு பேரும் போய்விடுவார்கள். திறந்தே போட்டால் அந்தத் தொண்ணூற்றாறு பேரும் வீட்டுக்குள்ளேயே குடியேறிவிடுவார்கள். நம்மில் பெரும்பாலோர் அறிந்தவை இந்த இரண்டு நிலைகள் மட்டுமே. ஆனால் இவை இரண்டுக்கும் நடுவே, முத்து வியாபாரியின் சல்லடை வரிசையைப் போல, படிப்படியான பல நிலைகள் நம் கைபேசிக்குள்ளேயே அமைந்திருக்கின்றன என்பதும், சமயத்துக்குத் தக்கபடி அவற்றை மாற்றி மாற்றிக் கையாள்வதே விவேகம் என்பதும் அன்று நான் அவருக்குச் சொல்ல முயன்ற விஷயம்.

கேளாமல் வந்து சேரும் விளம்பரச் செய்தியை உலகம் ஸ்பேம் என்கிறது. எரிதம் என்று ஒரு தமிழ்ச் சொல்லையும் கலைச்சொல் அறிஞர்கள் ஆக்கிக் கொடுத்திருக்கிறார்கள். பெயர் புதிதாயினும் உபத்திரவம் பழையது. 1864ஆம் ஆண்டு மே மாத இறுதியில், லண்டனில் சில பிரமுகர்களின் வீட்டுக் கதவைத் தந்திச் சேவகன் தட்டினான். தந்தி என்றால் பிறப்போ இறப்போ ராஜாங்க காரியமோ என்று பதைத்துப் பிரித்தவர்கள் கண்டது, கேப்ரியல் என்ற பல் வைத்தியர்கள் இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை நோயாளிகளைப் பார்ப்பார்கள் என்ற அறிவிப்பு. வெகுண்டுபோன ஒருவர் ‘டைம்ஸ்’ பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். இது நடந்து 114 ஆண்டுகளுக்குப் பிறகு, 1978 மே 3ஆம் தேதி, அமெரிக்கக் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றின் விற்பனை அதிகாரியான கேரி துர்க் என்பவர், இன்றைய இணையத்துக்கு மூதாதையான அர்பாநெட்டில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பர மடலை அனுப்பினார். மின்மடல் உலகின் முதல் ஸ்பேம் என்ற அபகீர்த்தி அதற்கே உரியது. 1994 ஏப்ரலில், அமெரிக்காவில் நிரந்தரமாக வசிக்கும் உரிமைக்கான குலுக்கலுக்கு விண்ணப்பம் தயாரித்துத் தருவதாக, அரிசோனாவைச் சேர்ந்த ஒரு வக்கீல் தம்பதியர் ஆயிரக்கணக்கான விவாதக் குழுக்களில் ஒரே விளம்பரத்தை இறைத்தபோது, இந்தத் தொல்லை உலகறிந்த வியாதியாயிற்று.

ஸ்பேம் என்பது முதலில் 1937இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஒரு டப்பா இறைச்சியின் பெயர். 1970இல் ஆங்கிலத் தொலைக்காட்சியில் வந்த ஒரு நகைச்சுவைக் காட்சியில், ஓட்டலின் எல்லாப் பதார்த்தங்களிலும் அந்த இறைச்சி இருக்கும். அதன் பெயரைப் பாடிப் பாடியே ஒரு கூட்டம் மற்றவர்களின் சம்பாஷணையை அமுக்கிவிடும். பேச்சை அமுக்கும் இரைச்சல் என்ற பொருளில் அந்தப் பெயர் இந்தக் குப்பைச் செய்திகளுக்கு ஒட்டிக்கொண்டது. பெயர் பொருத்தமானதே. பிறர் பேச்சைக் காதில் விழாமல் அடிப்பதுதான் ஸ்பேம் செய்யும் முதல் தீங்கு. ஏமாற்றுவது அதற்கு அடுத்தது.

இவ்வளவு பேர் ஏசியும் இது ஏன் ஒழிவதில்லை? அந்தப் பல் வைத்தியர்கள் ஒவ்வொரு தந்திக்கும் காசு கட்டினார்கள். ஆகையால் பிரமுகர்களை மட்டும் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். இன்று ஒரு லட்சம் பேருடைய படங்களுக்குக் கீழே ஒரே வாசகத்தை ஒட்டுவதற்கு, சொன்னதைச் சொல்லும் இயந்திர நிரல் ஒன்று போதும். செலவு ஏறக்குறையப் பூஜ்யம். ஒரு லட்சம் பேரில் ஒரே ஒருவர் மயங்கினாலும் அனுப்பியவனுக்கு அது லாபம். மீதி 99,999 பேருடைய நேரமும் எரிச்சலும் அவன் கணக்கில் சேருவதில்லை. இது தெரிந்தால் ஒரு விஷயம் தானாகவே விளங்கும். “என் பக்கத்தில் எழுதாதே” என்று ஸ்பேமுக்குப் பதில் எழுதுவது வீண். வீண் என்பதோடு, இங்கே உயிருள்ள ஓர் ஆள் இருக்கிறார் என்று எதிராளிக்கு நாமே சாட்சி சொன்னதாகவும் ஆகும். புகார் செய்வது, நீக்குவது, தடுப்பது ஆகிய மூன்றுமே அதற்குத் தக்க மறுமொழிகள்.

நம் ஊரில் இந்த வலை எந்த மீனைக் குறிவைக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். துறைமுகப் பட்டினமாதலால், கப்பல் வேலை என்ற சொல்லுக்கு இங்கே ஒரு தனி மயக்கம் உண்டு. கப்பலுக்கு ஆள் எடுக்கும் நிறுவனம் மத்திய அரசின் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தில் உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்பது சட்டம். வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்பது, இந்தியா 2015இல் ஏற்றுக்கொண்ட சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் நிபந்தனை. கமெண்டில் வந்து, வாட்ஸ்அப் எண் கொடுத்து, “பதிவுக் கட்டணம்” கேட்கும் கப்பல் வேலை, அந்த ஒரு கேள்வியினாலேயே தன்னைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது.

இனி, சல்லடைகளுக்கு வருவோம்.

பெருந்துளைச் சல்லடை, யார் மறுமொழி எழுதலாம் என்று வரையறுப்பது. எக்ஸ் தளம், ட்விட்டர் என்ற பெயரோடு விளங்கிய 2020 ஆகஸ்ட்டில் இந்த வசதியை எல்லோருக்கும் அளித்தது: பதிவை வெளியிடும்போதே, எல்லோரும் பதில் எழுதலாமா, நாம் பின்தொடர்பவர்கள் மட்டுமா, நாம் பெயர் குறிப்பிட்டவர்கள் மட்டுமா என்று தீர்மானிக்கலாம். பேஸ்புக், 2021 மார்ச்சில், பொதுப் பதிவுகளுக்கும் இத்தகைய கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. இன்ஸ்டாகிராமில், நம்மைப் பின்தொடர்பவர்கள், நாம் பின்தொடர்பவர்கள் என்று வட்டத்தைக் குறுக்கலாம். இந்தச் சல்லடை வலுவானது. ஆனால் வியாபாரம் செய்பவருக்கு எப்போதும் உகந்ததன்று. புதிதாக வரும் வாடிக்கையாளர் நேற்றுவரை அந்நியர்தானே!

அடுத்த சல்லடை, ஆளை விட்டுச் சொல்லைப் பார்ப்பது. ‘கிரிப்டோ’, ‘லோன்’, ‘டெலிகிராமில் வரவும்’ போன்ற சொற்களை ஒரு பட்டியலாக எழுதி வைத்துவிட்டால், அவை இடம்பெறும் கமெண்ட் தானாகவே மறைந்துவிடும். இன்ஸ்டாகிராமில் இதற்கு ‘மறைக்கப்பட்ட சொற்கள்’ என்ற பகுதி இருக்கிறது. யூடியூபிலும் பேஸ்புக் பக்கங்களிலும் தடுக்கப்பட்ட சொற்களின் பட்டியல் உண்டு. யூடியூபில், இணைப்பு முகவரி உள்ள கமெண்டுகளை நிறுத்திவைக்கவும் வழியுண்டு. இங்கே ஒரு சூட்சுமம் உண்டு: நம்மவர் ஒரே சொல்லைத் தமிழ் எழுத்திலும் எழுதுவார்கள், ஆங்கில எழுத்திலும் எழுதுவார்கள், நடுவில் புள்ளி வைத்தும் எழுதுவார்கள். பட்டியலில் எல்லா உருவங்களையும் சேர்க்க வேண்டும். கம்பெனிகளின் இயந்திரங்கள் ஆங்கிலத்தை அறிந்த அளவுக்குத் தமிழை அறியமாட்டா. அந்தக் குறையை நம் பட்டியல்தான் நிரப்ப வேண்டும்.

மூன்றாவது சல்லடை, எதையும் நிராகரிக்காமல் நிறுத்திவைப்பது. யூடியூபில், சந்தேகத்துக்கு இடமான கமெண்டுகளையோ, விரும்பினால் எல்லாக் கமெண்டுகளையுமோ, உரிமையாளர் பார்த்து அனுமதிக்கும் வரையில் காத்திருக்கச் செய்யலாம். நாலாவது, தனியொருவரை நோக்கியது. இன்ஸ்டாகிராமில் 2019 அக்டோபரில் வந்த ‘கட்டுப்படுத்து’ என்ற வசதியின்படி, ஒருவர் எழுதும் கமெண்ட் நாம் அனுமதிக்கும் வரை அவர் கண்ணுக்கு மட்டுமே தெரியும். நாம் அவ்வாறு செய்திருப்பது அவருக்குத் தெரியாது. உறவினரையோ அண்டை வீட்டாரையோ அப்பட்டமாகத் தடுத்துவிட்டு நாளைக் கல்யாண வீட்டில் எதிர்ப்பட வேண்டிய சங்கடம் உள்ள நம் சமூகத்துக்கு, இது வெகு நாசூக்கான உபாயம். முற்றாகத் தடுப்பது கடைசிச் சல்லடை.

வாட்ஸ்அப்பின் கதை வேறு. அங்கே படத்துக்குக் கீழே கூட்டம் கூடுவதில்லை. நம்மையே தூக்கிக்கொண்டுபோய் ஏதோ ஒரு கூட்டத்தில் உட்கார வைத்துவிடுகிறார்கள். அந்தரங்க அமைப்புகளில் ‘குழுக்கள்’ என்ற இடத்தில், நம்மைக் குழுவில் சேர்ப்பவர்கள் நம் தொடர்புப் பட்டியலில் உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்று 2019 முதல் நிபந்தனை விதிக்க முடிகிறது. அறியாத எண்களிலிருந்து வரும் அழைப்புகள் ஒலிக்காமல் பட்டியலில் மட்டும் பதிவாகும் வசதி 2023 ஜூனில் வந்தது. குழுவை நடத்துபவர், தலைவர்கள் மட்டுமே எழுதலாம் என்று வைக்கும் வசதியோ 2018 முதற்கொண்டு இருக்கிறது.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்கலாம். தொலைபேசிக் குறுஞ்செய்தி, அழைப்பு ஆகியவற்றில் ஓரளவு செய்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் ஏற்பாட்டில், 1909 என்ற எண்ணில் நம் விருப்பத்தைப் பதிந்து விளம்பரங்களை நிறுத்தலாம். மீறி வருபவை குறித்து அதே எண்ணில் முறையிடலாம். 2025 முதல், வணிகக் குறுஞ்செய்தியை அனுப்புபவர் பெயரின் இறுதியில் ஓர் ஆங்கில எழுத்து நிற்கிறது: ‘பி’ என்றால் விளம்பரம், ‘எஸ்’ என்றால் சேவை, ‘டி’ என்றால் பணப் பரிவர்த்தனை, ‘ஜி’ என்றால் அரசாங்கம். சமூக வலைத்தளங்களைப் பொறுத்தவரை, குறை தீர்க்கும் அதிகாரியை நியமிக்க வேண்டும் என்றும், வந்த புகாரை 24 மணி நேரத்துக்குள் ஏற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும் என்றும் 2021ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. பணம் பறிபோயிருந்தால் தாமதியாமல் அழைக்க வேண்டிய எண் 1930.

ஆயினும், எரிச்சலூட்டுவதையே குற்றமாக்கிவிட்டால் என்ன விபரீதம் நேரும் என்பதையும் இந்த நாடு பார்த்திருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, எரிச்சலோ அசௌகரியமோ உண்டாக்கும் நோக்கத்தோடு அனுப்பப்படும் மின்மடலையும் தண்டனைக்கு உரியதாக்கியது. ஆனால் அந்தப் பிரிவில் சிக்கியவர்கள் பலர் கருத்துச் சொன்னவர்களாகவே இருந்தார்கள். 2015 மார்ச் 24இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்தது. குப்பையை அள்ள எடுத்த கூடை, பேச்சையும் அள்ளிக்கொண்டு போயிற்று.

2018 மே மாதத்தில் நம் தமிழ்நாட்டில் நடந்த இரண்டு சம்பவங்களை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. குழந்தை கடத்துபவர்கள் நடமாடுகிறார்கள் என்ற பொய்ச் செய்தி வாட்ஸ்அப் வழியே பரவியிருந்த சமயத்தில், மே 9ஆம் தேதி, திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூரில், உறவினரோடு குலதெய்வக் கோவிலுக்குப் புறப்பட்டு வந்த சென்னை மூதாட்டி ஒருவர், வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததைக் கண்டு சந்தேகித்த கூட்டம் அவரை அடித்தே கொன்றது. ஜூலை முதல் தேதி மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் இதே வதந்தி ஐந்து உயிர்களைக் குடித்தது. அந்த ஜூலையிலேயே, இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் கடத்த முடியாதபடி வாட்ஸ்அப் வரையறை செய்தது; பிறகு அது உலகம் முழுவதற்கும் விதியாயிற்று. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிவந்த செய்தியை ஒரு சமயத்தில் ஒரே உரையாடலுக்குத்தான் அனுப்பலாம் என்று அந்த வரம்பு இன்னும் இறுகியது. யாருடைய வாயையும் அடைக்காமல், ஓட்டத்தின் வேகத்தை மட்டும் குறைத்த ஏற்பாடு இது.

இன்னொரு சம்பவம் எங்கள் ஊரில் நடந்தது. ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாளான மே 22ஆம் தேதியும் அதை ஒட்டியும் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் மாண்டார்கள். வதந்தி பரவாமல் தடுப்பதற்கு என்று காரணம் கூறி, தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களில் 27ஆம் தேதி வரை இணையச் சேவையை நிறுத்திவைக்க மே 23ஆம் தேதி அரசாங்கம் உத்தரவிட்டது. வதந்தி மட்டுமா நின்றது? பிள்ளை பத்திரமாக இருக்கிறானா என்று வெளியூரிலிருந்து கேட்ட தாயின் செய்தியும் நின்றது. சல்லடை போட வேண்டிய இடத்தில் மூடியைப் போட்டுவிட்டால், தூளோடு முத்தும் வெளியே நின்றுவிடுகிறது.

எல்லாவற்றையும் அகலத் திறந்துவைக்க வேண்டிய நாளும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வானம் பொத்துக்கொண்டதுபோலக் கொட்டிய மழையில், பக்கத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. தாமிரபரணி கரை புரண்டது. பாதிக்கப்பட்டவர்கள் உதவி கேட்பதற்காக மாநில அரசாங்கமே வாட்ஸ்அப் எண்ணையும் எக்ஸ் தளக் கணக்கையும் அறிவித்தது. அந்த வேளையில், மொட்டை மாடியில் நிற்பவர் நம்மைப் பின்தொடர்பவரா, நம் தொடர்புப் பட்டியலில் உள்ளவரா என்று பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? அறியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை ஒலியடக்கிவைப்பது சாதாரண நாளில் சௌகரியம். வெள்ள நாளில் அதுவே ஒருவரைக் கைவிட்டதாக முடியும். ஆகவே, அமைப்புகளை ஒருமுறை வைத்துவிட்டு மறந்துபோவது தகாது. அவ்வப்போது போய்ப் பார்த்து, தளர்த்தவேண்டியதைத் தளர்த்தி, இறுக்கவேண்டியதை இறுக்கிக்கொள்ள வேண்டும். முத்துக்குளிப்பிலும், சிப்பிகள் வாழும் கடலடிப் பார்களை முன்கூட்டிப் பரிசோதித்து, சிப்பி முதிர்ந்திருக்கும் ஆண்டில் மட்டுமே குளிக்க அனுமதித்தார்கள்.

மக்ரூன் அம்மாளின் கைபேசியில் அன்று ஒரு மணி நேரம் வேலை செய்தோம். மறுமொழி எழுதும் உரிமையை எல்லோருக்கும் விட்டுவைத்து, சொற்பட்டியலை மட்டும் நன்றாக நீட்டினோம். சலிப்பூட்டுகிறவர் என்று அவர் சுட்டிய இருவரைக் கட்டுப்படுத்தினோம். போலிக் கணக்கைப் பற்றிப் புகார் கொடுத்தோம். எந்தக் கணக்குக்குப் பணம் அனுப்ப வேண்டும் என்பதைப் பக்கத்தின் உச்சியில் நிலையாக ஒட்டிவைத்தோம். கமெண்டுகள் நூறிலிருந்து பத்தாயின.

பத்து நாள் கழித்து அவரே வந்தார். “அண்ணாச்சி, மறைச்சு வச்ச பெட்டிய நேத்துத்தான் தொறந்து பாத்தேன். அதுக்குள்ள ஒரு நெசமான ஆர்டர் கெடந்துச்சு” என்றார். துபாயில் இருக்கும் ஒருவர், மகளுடைய திருமணத்துக்கு மக்ரூன் கேட்டு எழுதியிருந்தார். வங்கியில் வீட்டு லோன் விஷயமாக இந்த மாதம் ஊருக்கு வருவதாகவும், அப்போது நேரில் பார்க்கலாம் என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார். ‘லோன்’ என்ற அந்த ஒரு சொல்லுக்காக எங்கள் சல்லடை அவரை உள்ளே விடவில்லை.

முத்து வியாபாரி பத்தாவது சல்லடைக்கு அடியில் விழுந்த தூளையும் கூட்டித் தள்ளியதில்லை. அதைத் துணியில் ஏந்தி வைத்திருப்பான். மருந்துக்கும், செல்வர் வீட்டு வெற்றிலைச் சுண்ணாம்புக்கும் அது விலைபோயிற்று. இப்போது மக்ரூன் அம்மாள் ஞாயிறுதோறும் மாலையில் அந்த மறைத்துவைத்த பெட்டியைத் திறந்து பார்க்கிறார். திருமண ஆர்டர் பெட்டிகள் கட்டியாகிவிட்டன.